எட்டு மீனில் மூன்றைக் காணோம்

2025 ஜூலை 9, புதன்கிழமை, மாலை 4.40. விட்டுவிட்டுத் தூறல். கோவையில் என் மனைவிக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடித்து, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். கண்ணில் கட்டோடு அவளைக் கட்டிலில் உட்கார வைத்த கையோடு, மீன் தொட்டிக்குப் போய் எண்ணினேன்.

திங்கட்கிழமை கிளம்பும்போது எட்டு. இப்போது ஐந்து.

கோரிடோரஸ் என்று பெயர். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மற்ற மீன்களை ஒன்றும் செய்யாது. நாள் முழுக்கத் தொட்டியின் அடியில் மூக்கை உரசிக்கொண்டு இரை தேடும். எப்போதாவது மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்ப அடிக்கே போய்விடும். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். காலையும் மாலையும் மீனை எண்ணாவிட்டால் சோறு இறங்காது.

நான்கு தடவை எண்ணினேன். மண் குடுவையைத் தூக்கிப் பார்த்தேன், பில்டரைக் கழற்றினேன், துள்ளி விழுந்திருக்குமோ என்று சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தேன். செத்த மீன்கூட இல்லை.

வீட்டுச் சாவி எதிர்வீட்டு மருமகளிடம்தான் இருந்தது. மீனுக்குத் தீனி போடுவதாக ஏற்றுக்கொண்டவர். அவர் வீட்டிலும் ஒரு மீன் தொட்டி உண்டு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மனைவியிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் எட்டரை மணிக்கே ஆள் கூப்பிட்டு வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். இடையில் மனைவியின் கட்டை அவிழ்த்து, சொட்டு மருந்தை நானே விட்டுப் பார்த்தேன். குறி தப்பி மூன்று சொட்டும் கன்னத்தில் விழுந்தன. அந்த வேலையைச் செய்யவும் எதிர்வீட்டுப் பெண்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

சொன்னபடி ஒன்பதரைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங் மாமா, பூட்டு கெட்டுப்போச்சுங்களா?"

"பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு அம்மிணி. மூணு மீனு கொறையுது. சாவி உங்கிட்டயும் எங்கிட்டயும்தான இருந்துச்சு."

அவர் முகம் சுண்டிப்போனது. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. ஒரு வேளை மருந்துகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் போய்விட்டால் யார் விடுவார்கள்?

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "யாரு, வந்துட்டியா கண்ணு?"

அவர் செருப்பைக் கழற்றினார். என்னைத் தாண்டிப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஒரே சொட்டு, கண்ணுக்குள் சரியாக விழுந்தது. "அஞ்சு நிமிசம் மூடிக்கோங்கத்தை" என்றவர், என் பக்கம் திரும்பினார். "வாங்க, உங்க மீனக் காட்டறேன்."

அவர் வீட்டுத் தொட்டியில் மூன்றும் இருந்தன.

"பாத்தியா, என்ற மீனு!" என்றேன்.

"உங்க மீனுதானுங்க. நான் இல்லீன்னு சொல்லலியே. எண்ணுனது போதும், மூஞ்சியப் பாருங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு குனிந்தேன். வாயைச் சுற்றி இருக்க வேண்டிய மீசை இரண்டு மீன்களுக்குப் பாதிதான் இருந்தது. மூன்றாவதற்கு மீசையே இல்லை. அந்த இடம் சிவந்து புண்ணாகியிருந்தது.

"உங்க தொட்டில இருக்கறது கூர்கூரா கலர் கல்லுங்க. அதுல மேஞ்சு மேஞ்சு தேஞ்சு போச்சு. இது மூணும் தீனியே எடுக்கல. இங்க நைஸ் மணலு, அதான் கொண்டாந்தேன். திங்கக்கெழமையே படம் புடிச்சு அனுப்புனேனுங்களே? என்ற போனு ரிப்பேரு, எங்கூட்டுக்காரரு நம்பர்லிருந்து."

படம் வந்தது உண்மை. தெரியாத எண்ணிலிருந்து வரும் படத்தைத் திறந்தால் பேங்கில் இருப்பது போய்விடும் என்று பயந்து, பார்க்காமலே அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கண்ணை மூடியபடியே கேட்டாள்: "ஏனுங்க, ஆப்பரேசன் எனக்கா, உங்களுக்கா பண்ணிருக்கோணும்?"

அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங் மாமா" என்றார். கலர் கல்லையெல்லாம் அள்ளிவிட்டு, அவர் சொன்னபடி மணலைப் பதினோரு தண்ணீர் அலசிப் போட்டேன். ஏழாவது வாரம் மூன்றும் திரும்பி வந்தன. இரண்டுக்கு மீசை வளர்ந்திருந்தது, புண்பட்டதற்கு வளரவேயில்லை. மருந்து முடியும்வரை அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனால் முன்பு போல உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று கூப்பிடுகிறார், யாராவது வந்து திறக்கும்வரை காத்திருக்கிறார். புதுச் சாவியை மூன்று முறை நீட்டினேன். "உங்ககிட்டயே இருக்கட்டுங் மாமா" என்கிறார்.

தினமும் இரண்டு முறை எண்ணிய எனக்கு, எண்ணிக்கை சரியாக இருந்த நாட்களில் அந்த எட்டு முகங்களில் ஒன்றையாவது பார்த்தோமா என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பூட்டு 785, பொருத்தியவருக்கு 250. ஆக, ஒரு நல்ல மனுஷியை வாசலில் நிறுத்தி வைக்க நான் செலவழித்தது ஆயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.