காரணம் கிடைத்த பிறகு

கடைத்தெருவில் இருந்த கண்ணாடிக் கடையில் அவளைக் 'கண்ணாடியக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முகத்துக்கு ஏற்றபடி ஃப்ரேமுக்குச் சூடு காட்டி, காதில் மாட்டும் கம்பியை வளைத்து, மூக்கில் உறுத்தாமல் உட்கார வைப்பது அவள் வேலை. முதன்முதலாகக் கண்ணாடி போடும் பிள்ளைகள் வீறிட்டு அழும். அவள் காதோரம் விரலை வைத்ததும் கப்சிப்பென்று அடங்கிவிடும். "உனக்கு எத்தனை பசங்கம்மா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். "இன்னும் இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே திருகாணியை முடுக்குவாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம். கணவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இருவரும் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, காரணம் தெரியவில்லை.

"எல்லாப் பாடத்திலயும் நூத்துக்கு நூறு. ஆனா ஃபெயில்!" என்பான் கணவன். ஆயிரம் தடவை சொன்ன ஜோக்தான். ஆனாலும் பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள். துக்கம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் அவளுக்கு ஓயாத அசதி. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. புதிதாக ஒரு டாக்டரம்மாவிடம் தனியாகப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"நோயை எதிர்க்க நம்ம உடம்புல ஒரு சக்தி இருக்கு இல்லையா, அது உங்களுக்கு ஆள் தெரியாம சொந்த தைராய்டையே அடிச்சுட்டு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கருங்கறது பாதி அப்பாவோடது, அதனால அம்மா உடம்புக்கு அது பாதி வெளியாள். உடம்பு அதை விரட்டாம இடம் கொடுக்கணும். உங்களை மாதிரி உள்ளவங்களுக்கு அதுல சிக்கல் வர்றதைக் கொஞ்சம் அதிகமாப் பார்க்கறோம். ஆனா இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"அப்போ தப்பு என் மேலயா?"

"சளி பிடிச்சா தப்புன்னு சொல்லுவீங்களா? தைராய்டுக்கு மாத்திரை தர்றேன், அசதி குறையும். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை வருஷம் இருட்டில் துழாவியதற்கு ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. கணவன் கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள்.

அவன் தொட்டியடியில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

அவன் நீளமாக மூச்சு விட்டான். எட்டு வருஷமாக அவனும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அந்த மூச்சில் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பயத்தை அவன் இறக்கி வைத்ததும் மொத்தமும் தன் தலையில் வந்து விழுந்துவிட்டது என்பதும் புரிந்தது. அன்றிலிருந்து அவன் அந்த ஜோக்கைச் சொல்லவே இல்லை.

மறுநாள் மாமியார் போன் செய்தாள். திட்டு விழப்போகிறது என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"அவன் சொன்னான். யாருக்கு எது இருந்தா என்னடி? நீ மாத்திரையை ஒழுங்கா போடு. முடி கொட்டுதாமே, சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடறேன் அத்தை" என்றவள், போனை வைத்துவிட்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கணவன் வேறொரு மருத்துவமனையைப் பிடித்து வந்தான். எதிர்ப்பு சக்தியை அடக்க டிரிப்ஸ் ஏற்றுவார்களாம். டாக்டரம்மாவைக் கேட்டாள். "அது பலன் தரும்னு இன்னும் நிரூபணமாகலை" என்றார். அவனோ, "முயற்சியே பண்ணாம இருந்தா எப்படி?" என்று பிடிவாதம் பிடித்தான். அவனுக்காகப் போனாள்.

நீண்ட அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பால் மாதிரி வெள்ளைத் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சுற்றிலும் அவளைப் போலவே கையை நீட்டியபடி பெண்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். என்ன சொல்வதென்று தெரியாமல் இவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவன் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தான், மேலே வரவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை போனார்கள், அப்போதும் இல்லை.

"போதுங்க. இனிமே என்னால முடியாது."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட" என்றான் அவன்.

பெரிய சண்டை எதுவும் வரவில்லை. வெளியூரில் வேலை கிடைத்தது என்று போனான். முதலில் வாரா வாரம் வந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு முறை. அப்புறம் துணிமணியை எடுத்துப் போக மட்டும் வந்தான். மாமியார் கொஞ்ச நாள் போன் செய்தாள். பிறகு அதுவும் நின்றது. மகன் தடுத்திருப்பான் என்று எண்ணி இவளும் கூப்பிடவில்லை.

மாத்திரையில் அசதி போயிற்று. முடிகூட வளர்ந்தது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் போதுமாக இருந்தது.

நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவன் கடைக்குள் வந்தான். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறதாம். ஸ்குரூ தெரிய மாட்டேன் என்கிறதாம். அவளே ஃப்ரேமை மாட்டிவிட்டாள். காதோரம் நரைத்திருந்தது.

"உறுத்துதா?"

"இல்ல." சற்றுப் பொறுத்து, "அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. உனக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு..."

அவள் கை அப்படியே நின்றது.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கடை முதலாளி சாப்பிடப் போகச் சொன்னார். பின்கட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மாமியாருக்காகப் போய் அழ அவளுக்கு இழவு வீடு என்று ஒன்று இருக்கவில்லை, அங்கேயே அழுதாள்.