கடைசி வரிசைக்குக் கேட்கிற பெட்டி

இளங்கோ அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. பெரம்பலூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு மேடைப் படம் வந்து விழுந்தது. பாடகர், பாடகி, கீபோர்டு வாசிப்பவர், பின்னால் டிரம்ஸோடு நான். எனக்கு இடது பக்கம் ஒரு தோள்பட்டையும் கிட்டாரின் தலையும் மட்டும் தெரிந்தன. அதைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டு, 'நம்ம பேஸ் இளங்கோ காலமானார்' என்று எழுதியிருந்தார்கள். இருபது வருடம் எங்களோடு மேடை ஏறியவருக்கு, முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் எங்கள் யாரிடமும் இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அது யார் மேல் என்று அப்போது புரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் வாசித்துக் கேட்டிருப்பீர்கள். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பிலாவது எங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருப்பீர்கள். அவரைக் கவனித்திருக்க மாட்டீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. மீன்சுருட்டியில் பிறந்தவர். பகலில் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற வேலை, சாயங்காலம் பேஸ் கிட்டார். பாட்டுக்கு அடியில் கனமாக ஒரு சத்தம் ஓடுமே, அது அவர். டிரம்ஸ்காரனும் பேஸ்காரனும் புருசன் பொண்டாட்டி மாதிரி என்று எங்கள் வட்டாரத்தில் கேலி பேசுவார்கள். எங்களில் சத்தம் போடுகிற ஆள் நான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர் அவர்.

சொந்தமாக ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது என்னைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த பெட்டியை எடுத்துப்போட்டு, விரல் பறக்க வாசித்துக் காட்டினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அண்ணன் கிட்டாரை என் கையில் கொடுத்து, இருக்கிறதிலேயே தடித்த கம்பியை எதையும் பிடிக்காமல் மீட்டிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்க்கடை வாசலில் போய் நின்றார். நானும் கோயில் மணி அடிக்கிறவன் மாதிரி டொம் டொம் என்று மீட்டினேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று வைத்த ஒரு பெட்டி. பார்க்க மாட்டுத்தொட்டி மாதிரி இருந்தது. மறுபடியும் எதிர்க்கடை வாசல். இந்தத் தடவை அங்கிருந்தபடியே வலது கையைத் தூக்கினார். போதும் என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது நான் அந்த நாலு ஸ்பீக்கர் பெட்டிக்காகச் சண்டை போட்டேன். "அது மேடையில நிக்கிறவனுக்கு நல்லா கேக்கும்டா. கடைசி வரிசையில பாத்திரம் கழுவுற அம்மாவுக்கும் கேக்கணும்ல?" என்றார். வாட்ஸ் எத்தனை என்று முதல் கேள்வி கேட்கிறவனுக்குச் சத்தம் மட்டும்தான் கிடைக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "தனியா வாசிக்கறப்ப அழகா இருக்குற டோன நம்பாத. எல்லாரும் சேந்தா அது காணாமப் போயிடும்." அன்றைக்கு அது ஆம்ப்ளிஃபயரின் குமிழ்களைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் இதே வேலை. பலகை மேடையில் ஸ்பீக்கர் பெட்டியை அப்படியே வைத்தால் மேடை முழுக்க உறுமும் என்று, கிழிந்த சிமெண்ட் சாக்கைத் தைத்து மணல் நிரப்பி இரண்டு மூட்டை கூடவே கொண்டுவருவார். அதன் மேல் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் மேல் ஆம்ப்ளிஃபயர். ஆலையில் தூக்கியது போதாதா அண்ணே, இங்கேயும் மூட்டையா என்று வேனில் எல்லாரும் சிரிப்போம். பிறகு நான் கம்பியை மீட்ட, அவர் பந்தலின் கடைசி வரிசை வரை நடந்துபோய் நின்று கேட்பார். கை தூக்கிய பிறகுதான் திரும்பி வருவார். பெட்டியை எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் வைப்பார். அவர் வாசிப்பதை நான் காதால் கேட்டதைவிட முதுகால் கேட்டதுதான் அதிகம்.

விக்கிரமங்கலத்தில் ஒரு வரவேற்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒலி சரிபார்த்த பிறகு அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஒலிபெருக்கிக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று மேடையில் சும்மா கிடந்தது. ஓர் ஆம்ப்ளிஃபயர் இவ்வளவு ஸ்பீக்கரைத்தான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அண்ணனுடையதற்கு அவருடைய ஒரு பெட்டியோடு அது முடிந்தது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஸ்பீக்கர் செருகத் துளை இரண்டு இருந்தது. துளை இருந்தால் செருகத்தானே என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். முதுகு இன்னும் நன்றாக அதிரும் என்ற ஆசை வேறு. செருகிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டில் கருகல் வாடை வந்தது. முதுகில் இருந்த சத்தம் செத்துப்போனது. பாட்டு முடிந்து கைதட்டுகிற நேரத்தில் நான் குனிந்து அந்த வயரைப் பிடுங்கி, பெட்டியைக் காலால் தள்ளிவிட்டேன். ஜெனரேட்டரில் கரண்ட் ஏறியிருக்கும் என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். குழுத் தலைவர் ஜெனரேட்டர்காரரைப் பிடித்துத் திட்டினார். அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அண்ணன் மேடையை விட்டு இறங்கவில்லை. சத்தமே வராத கிட்டாரை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்று, மிச்சம் இருந்த அத்தனை பாட்டையும் ஒரு சுரம் விடாமல் வாசித்தார். அவர் விரலைப் பார்த்து நான் தாளம் போட்டேன். அவர் மட்டும் அப்படி நிற்கவில்லை என்றால் அன்றைக்கு நான் தடுமாறி விழுந்திருப்பேன். முடிந்ததும் பெண்ணின் அப்பா வந்து கச்சேரி பிரமாதம் என்றார். ஒரு ஆளின் வாசிப்பே இல்லாமல் கச்சேரி நடந்தது அவருக்குத் தெரியவில்லை. வேனில் நான் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், ஒருத்தருக்கும் தெரியவில்லையே அண்ணே என்றேன். "நீ பாத்தல்ல, போதும்," என்றார். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ரிப்பேர் முடிந்து வந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பின்பக்கம் ஒரு பிளைவுட் கதவும் அதில் சின்னப் பூட்டும் வந்திருந்தன. பீரோவுக்குப் பூட்டு, உள்ளே நகை இருக்கிறதா என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்ததோடு சரி. அதை யாரையும் தொடவிடவில்லை. வயசாகிறது, சந்தேகப் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பதிவு செய்த இசையை ஓடவிட்டுப் பாடுகிற காலம் வந்தது. குழுவில் முதலில் நிறுத்தப்பட்டவர் அண்ணன். பேஸ் ட்ராக்கிலேயே வந்துவிடுகிறது என்றார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தொடர்ந்து வாசித்தேன். என் முதுகுக்குப் பின்னால் வெறும் துணித்திரை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் போனால் விக்கிரமங்கலத்தைச் சொல்லவேண்டி வரும். ஒவ்வொரு பொங்கலுக்கும் போகவேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் வாழ்த்துப் படம் அனுப்பினேன். அவரும் பதிலுக்குக் கும்பிடுகிற கையை அனுப்புவார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். தேவகி அண்ணி ஆம்ப்ளிஃபயர் பூட்டின் சாவியைக் கொடுத்து, நீங்களே பாருங்க தம்பி, யாருக்காவது பயன்படும் என்றால் எடுத்துக்கொண்டு போங்க என்றார். பிளைவுட் கதவைத் திறந்தேன். ஸ்பீக்கர் செருகுகிற இரண்டு துளைகளில் ஒன்றை வெள்ளை சிமெண்ட் வைத்துப் பூசி அடைத்திருந்தார். விளிம்பில் அவர் கட்டைவிரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

அண்ணி என் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்: "ரிப்பேர் ஆயி வந்த அன்னிக்கே அடைச்சாங்க தம்பி. அந்தத் துளைதான் கருகிக் கெடந்துச்சாம். எதுக்குங்க அடைக்கிறீங்கன்னு கேட்டேன். 'அவன் மறுபடியும் செருகிடுவான். ஆம்ப்ளிஃபயர் போனா செஞ்சிக்கலாம். எம்மூஞ்சியப் பாக்க முடியாம அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டு வாசிக்கிறதத்தான் பாக்க முடியல'ன்னாங்க."

நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்த விஷயத்தை அவர் இத்தனை வருடம் எனக்காகப் பூட்டி வைத்திருந்தார். படத்தைப் பார்த்தபோது வந்த கோபம் யார் மேல் என்று அப்போது தெரிந்தது.

வயர்களை மாட்டி ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்தத் தடித்த கம்பியை மீட்டினேன். கிட்டாரில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். மீட்டிவிட்டு, அவர் மாதிரி வெளியே நடந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. திரும்பி வந்து மறுபடியும் மீட்டிவிட்டு ஓடினேன். தெருவில் இறங்கும்போது ஒன்றும் இல்லை. தொலைவில் நின்று கேட்கவேண்டும் என்றால் உள்ளே ஒருவர் இருக்கவேண்டும். இருபது வருடம் உள்ளே இருந்தவன் நான், அதனால் இது எனக்குத் தெரியாமலே போயிற்று.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தவர், "நான் மீட்டறேன், நீங்க போங்க தம்பி," என்றார். தெருமுனைக் குழாய் வரை நடந்தேன். அங்கே வந்தது அந்தச் சத்தம், மெதுவாக, முதலில் காலுக்கு. நான் சொல்லவேண்டியதை அங்கே நின்று வாய்விட்டுச் சொன்னேன். குடத்தோடு நின்ற ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெட்டியை நான் எடுத்து வரவில்லை. இப்போது எங்கே கச்சேரி என்றாலும் தொடங்கும் முன் கடைசி வரிசைக்குப் போய் நிற்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த நடைதான். மேடையில் எனக்காகக் கம்பியை மீட்ட ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன்.