முப்பத்திரண்டாவது வாரம்

வயிறு இறுகுவதை அவன் விடியற்காலையில் இருந்தே எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்குத் தெரிந்தது பகல் பதினொரு மணிக்கு. அதுவும் அவன் சொல்லித் தெரியவில்லை. திருத்த வந்த போன் ஒன்றை வாங்கிக்கொண்டு முன்னறைக் கடையில் இருந்து உள்ளே போனேன். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். ஈயம் பற்ற வைக்கிற கம்பி பக்கத்தில் புகைந்துகொண்டு கிடந்தது.

"என்ன செய்யிது?"

"ஒண்டுமில்ல. இப்ப விட்டிரும்."

"எத்தின தரம்?"

"விடிய இருந்து. முதல் அரை மணிக்கு ஒருக்கா. இப்ப பத்து நிமிசத்துக்கு ஒருக்கா."

"ஏன் செல்லல்ல?"

"செல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பாய்."

கிளினிக் கார்டின்படி அன்றைக்கு முப்பத்திரண்டாவது வாரம். பிள்ளை வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த போனை மேசையில் அடித்து வைத்தேன். வாடிக்கையாளருடைய போன். அதன் கண்ணாடி வெடித்தது.

அவன் என்றுதான் எழுதுகிறேன். அடையாள அட்டையிலும் நிக்காஹ் பதிவிலும் அவன் பெண். ஊருக்கு அவன் என் மனைவி. நிக்காஹுக்கு முந்தி, கலியாணம் பேசி முடிந்த பிறகு, ஒரு நாள் என்னை வழியில் மறித்து, "நான் பொம்புள இல்ல. உள்ளுக்கு நான் ஆம்புளதான். இதத் தெரிஞ்சிக்கிட்டுக் கட்டுறதெண்டாக் கட்டு, இல்லாட்டி இப்பவே ஓடிரு" என்று சொன்னான். என்னைப் பற்றி எனக்கும் சில விஷயங்கள் அதற்கு முன்னமே தெரிந்திருந்தன. ஆகவே எனக்கு அது அதிர்ச்சியாக இருக்கவில்லை; மூச்சு வந்தது போல இருந்தது.

கடல் வந்து வீடுகளை எடுத்த வருடம் அவனும் அவனுடைய உம்மாவும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த உடுப்பு மூட்டைகளில் அவன் கைக்குக் கிடைத்தது இரண்டு சாரனும் மூன்று சேட்டும். முகாமில் பேன் பரவியதால் முடியையும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் யாரும் யாருடைய உடுப்பையும் பார்க்கவில்லை. எல்லாம் போன பிறகு, தான் தானாக நடமாடிய மாதங்கள் அவை என்பான். அதைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கமாக இருக்கும், எத்தனையோ பேர் மௌத்தான காலத்தைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்று. பிறகு வீடு கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவான். அப்படி நான் வந்து சேர்ந்தேன். முன்னறையில் போன் திருத்தும் கடை போட்டோம். திருத்துவது அவன், பின்னறையில் இருந்து. திறமைசாலி என்று ஊர் சொன்னது என்னை.

பிள்ளை வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவன்தான். "உம்மாவாகிறத்துக்கு இல்ல, மச்சான். நம்மட புள்ள ஒண்டு வேணும்" என்றான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மனைவி புருஷனை அப்படிக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம் என்பதால் அவன் கூப்பிடுவதை யாரும் கவனிக்கவில்லை. நான் திருப்பிக் கூப்பிடுவதைப் பகிடி என்று நினைத்தார்கள்.

ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவனைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தால், அவனுடைய உம்மா, என் மாமி, கறுப்பு ஹபாயா அங்கியுடன் குறுக்கே நின்றார்.

"இந்தக் கோலத்துல எங்க போற? இதப் போடு மகள்."

"போடமாட்டன்."

"ஆஸ்பத்திரி முழுக்க நம்மட ஊர்ச் சனம். எனக்குத் தலை நிமித்த ஏலாது."

"உம்மா, வயிறு இறுகுது. வழிய விடுங்க."

இப்படியே பத்து நிமிடம். ஒரு இறுக்கம் வந்து போயிற்று, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு மாமியின் மேலும் எரிச்சல், அவன் மேலும் எரிச்சல். ஒரு துணி, அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் என்னை நானே மன்னிக்கவில்லை. கடைசியில் மாமியைக் கையால் விலக்கிவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றினேன். வேகத்தில் மாமி கதவில் மோதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரதான வீதியில் கொடி கட்டிய வாகனங்கள் ஊர்ந்தன. சந்தியில் மேசை போட்டு, வருகிற வாகனம் ஒவ்வொன்றையும் மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். வாழையிலைத் துண்டில் வைத்த பாற்சோற்றை ஒருவர் ஆட்டோவுக்குள் நீட்டி, நாங்கள் வாங்கும்வரை சிரித்துக்கொண்டே நின்றார். பின்னால் பட்டாசு வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவன் வயிற்றைப் பொத்தினான். யுத்த காலத்தில் அடைக்கலம் கொடுத்த பள்ளிக்கூடங்களில் இருந்து காணாமல் போன பிள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருந்த வீடுகள் அந்த வீதியோரத்தில் இருந்தன. அவற்றின் கதவுகள் சாத்திக் கிடந்தன. எனக்கு அன்றைக்குச் சந்தோஷப்படவும் நேரமில்லை, துக்கப்படவும் நேரமில்லை. வழி வேண்டும், அவ்வளவுதான்.

வழி சோதனைச் சாவடியில் நின்றுபோனது.

சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான். அதில் முக்காடு போட்ட ஒரு பெண். ஆட்டோவுக்குள் ஒட்ட வெட்டிய முடியுடன், சேட்டும் சாரனும் உடுத்த ஓர் ஆள். முடி வெட்டி, சேட் போட்ட பெண் என்றால் அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது: இயக்கப் போராளி. சிப்பாயின் முகம் மாறியது. "இறங்கு" என்றான்.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பிள்ளை, வயிறு, ஆஸ்பத்திரி என்று கத்தினேன். சிப்பாய் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். ஒரு பெண் சிப்பாய் வந்து அவனை ஆட்டோவில் இருந்து இறக்கித் தகர மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவன் நெஞ்சை ஒரு நீளத் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருப்பான், தினமும் போல. உடம்பில் குண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள் என்றுதான் அவள் கைக்குப் படும்.

உள்ளே இருந்து அவள் சத்தம் போட்டாள். இரண்டு சிப்பாய்கள் துவக்கைத் தூக்கினார்கள். ஆட்டோக்காரர் தரையில் குந்திவிட்டார். நான் நின்ற இடத்திலேயே, "அது துணி, துணி" என்று தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான். அவிழ்த்த துணி கையில் சுருட்டாக இருந்தது. பின்னால் வந்த பெண் சிப்பாய் அவன் வயிற்றைக் காட்டி மற்றவர்களிடம் வேகமாக ஏதோ சொன்னாள். அவளுடைய முகம் வெளுத்திருந்தது. அவளே அவன் முழங்கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். "போங்க, போங்க" என்றாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. தோள்களை முன்னால் குறுக்கிக்கொண்டு, துணியை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தான்.

"மச்சான், நோகுதா?"

"கதைக்காத."

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலோடு ஆண்களுக்கு எல்லை. அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளினார்கள். நான் கம்பிக் கதவுக்கு வெளியே. கதவு இடுக்கால் பார்த்தால் ஒரு திரையும் அதன் கீழே சில கால்களும் தெரிந்தன. திரைக்குப் பின்னால் அவனைச் சோதித்தார்கள். என்ன சோதனை என்று பெண்களைப் பெற்ற, கட்டிய எவருக்கும் தெரியும். அவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கட்டத்தில், "மச்சான்!" என்று கத்தினான்.

"புருஷனக் கூப்பிடுறா பாவம்" என்று வாசலில் இருந்த ஊழியர் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் உள்ளுக்குப் போகட்டா?"

"ஐயோ, ஏலாது தம்பி. பொம்புளையள் இரிக்கிற இடம்."

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வாசலுக்கு வந்தார். இளம் பெண். களைத்திருந்தார். கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கவில்லை, ஆனால் இறுக்கம் நிற்கவில்லை என்றார். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசி போட்டிருக்கிறோம். இறுக்கம் அடங்க மாத்திரை கொடுக்கிறோம். அடங்காவிட்டால் மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும், இங்கே இவ்வளவு சின்னப் பிள்ளையைப் பார்க்க வசதி இல்லை என்றார். நான் தலையாட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ எப்பவும் இப்படித்தானா? இந்த முடி, இந்த உடுப்பு?" என்று கேட்டார்.

ஏளனமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"வீட்டில வசதிக்கு உடுக்கிற, டொக்டர்" என்றேன்.

அவனுடைய கட்டில் வாசலுக்குக் கிட்டத்தான் போடப்பட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது.

அடுத்த தலைவலி வார்டில் இருந்த தாதி. சாரனும் சேட்டும் இங்கே சரிவராது, ஹவுஸ்கோட் கொண்டுவாருங்கள் என்றார். கடைத்தெருவுக்கு ஓடினால் பாதிக் கடை பூட்டு. திறந்திருந்த ஒரு கடையில் பூப்போட்ட, கை விளிம்பில் ரேந்தைப் பின்னல் வைத்த ஒன்று இருந்தது. அதை வாங்கும்போதே அவன் போடமாட்டான் என்று தெரியும். கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே இருந்து அப்படியே திரும்பி வந்தது. தாதி என்னிடம், "உங்கட மனுசிக்குப் புத்தி செல்லுங்க" என்றார். நான் ஹவுஸ்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு முன்னால் முட்டாள் மாதிரி நின்றேன்.

பிரச்சினையை முடித்தது பக்கத்துக் கட்டில் பெண். பெரியநீலாவணையில் இருந்து வந்து மூன்றாவது பிள்ளையைப் பெற்றிருந்தவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மிஸ், நானும் அவர்ர சேட்டத்தான் போட்டிரிக்கன். புள்ளைக்குப் பால் குடுக்க லேசு. என்னய ஒண்டும் செல்லல்ல. அந்தப் புள்ளய மட்டும் ஏன் அலைக்கழிக்கிறீங்க?" என்று கேட்டார். தாதி பார்த்தார், உண்மைதான், கட்டம் போட்ட ஆண் சேட். "என்னவும் செய்யுங்க" என்று போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் விஷயம் ஒன்றும் தெரியாது.

நாலு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். அவன் இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தான். இறுக்கம் இருபது நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"நான் வசதிக்கா உடுக்கிறன்?"

கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் நீட்டினேன்.

"செல்லு. வசதிக்கா?"

"நான் என்னத்தச் செல்ல? நீ இஞ்ச படுத்திரிக்காய். அவங்கட கையில நீயும் புள்ளையும். செல்லப்போய் அவங்க ஒரு மாதிரிப் பார்த்தா?"

"இப்ப மட்டும் எப்படிப் பாக்காங்களாம்?"

"நீ விடிய இருந்து மறைச்சிட்டு இப்ப என்னய ஏசுறாயா?"

பக்கத்துக் கட்டில் பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறர் காதில் விழாமல், பார்வை நேரம் முழுவதும் சண்டை பிடித்தோம். நடுவில் ஒரு முறை இறுக்கம் வந்தது. என் கையைப் பிடித்து நெரித்தான். அது விட்டதும் கையை உதறிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தான். மணி அடித்தபோது, "நாளைக்கு வாறத்துல சும்மா வந்து நில்லு. எனக்காக ஒண்டும் கதைக்காத. அது காணும்" என்றான்.

அழுதுகொண்டே வெளியே வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அழவில்லை. பக்கத்தில் நின்ற தண்ணீர்த் தாங்கியைக் காலால் உதைத்தேன். பெருவிரல் நகம் கழன்றது.

மறுநாள் இறுக்கம் நின்றது. ஆனாலும் எட்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவனே டாக்டரிடம் சொல்லியிருக்கிறான். "எனக்கு சேட்தான் விருப்பம், டொக்டர். சின்னதில இருந்து இப்படித்தான். என்னயப் புள்ள, தங்கச்சி எண்டு கூப்புடாதீங்க." டாக்டர் கட்டில் தலைமாட்டில் இருந்த கார்டைப் பார்த்திருக்கிறார். பிறகு, "அப்ப கட்டில் நம்பரச் சொல்லிக் கூப்பிடட்டா?" என்று கேட்டாராம். அன்றில் இருந்து அவன் பதினாலு. "பதினாலு சாப்பிட்டாச்சா? பதினாலுக்கு இன்னும் வலி இருக்கா?" அவன் வாழ்க்கையில் வெளியார் அவனைக் கூப்பிட்டதிலேயே அவனுக்குப் பிடித்தது அந்த இலக்கம்தான். சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனுக்கு மரியாதையாகக் கிடைத்தது ஒரு இலக்கமா என்று ஆத்திரமாக இருந்தது. நான் சொல்லத் தவறியதை வலியோடு படுத்திருந்தவன் சொல்லிவிட்டானே என்ற ஆத்திரமும் அதில் கலந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து வாரம் கட்டிலோடு இருந்தான். நெஞ்சில் துணி கட்டவில்லை. தளர்வான பெரிய சேட்டுகள் தைத்துக் கொடுத்தேன். படுத்துக்கொண்டே போன் திருத்த ஏலாது என்பதால், நானே திருத்தப் பார்த்தேன். மூன்று போனைக் கெடுத்தேன். கைராசி போய்விட்டது என்று சனம் பேசிக்கொண்டது. உண்மையைச் சொல்ல முடியாமல் நான் கடை வாசலில் உட்கார்ந்து பற்களைக் கடித்தேன்.

முப்பத்தெட்டாவது வாரத்தில் ஒரு முற்பகலில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நான் வழக்கம்போல கம்பிக் கதவுக்கு வெளியே. ஒரு தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னேன். அவனைப் பார்க்க விட்டது பின்னேரம்தான். வெளிறிப்போய்க் கிடந்தான். "கண்டியா?" என்று கேட்டான். "கண்டன்" என்றேன். "மூக்கு என்ட" என்றான்.

இரண்டு மாதம் பால் கொடுத்தான். ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். நாளாக நாளாகச் சாப்பிடுவதையும் கதைப்பதையும் விட்டான். பிறகு ஒரு நாள், இனி ஏலாது என்றான். நான் மாப்பால் வாங்கி வந்தேன். பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் போத்தலைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்கள். உம்மா இருக்க என்னத்துக்குப் போத்தல் என்று ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறக்கப் போனேன்.

அதற்குள் மாமி அடுப்படியில் இருந்து வந்தார். "டொக்டர் செல்லித்தான் குடுக்கிற. பால் காணாது. தெரியாத விஷயத்துல வாயப் போடாதீங்க" என்றார்.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மாமி அவனுக்காகச் சொன்ன முதல் பொய் அது. போத்தலை என் கையில் இருந்து வாங்கி, சூடு பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் அவன் மடியில் வைத்தார். மகள் என்றுதான் அப்போதும் கூப்பிட்டார். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.