சிரட்டைப் பொத்தான்

அப்புத்தளைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்து இடிந்த லயமொன்றின் அடுப்படி மண்ணைத் தொல்லியல் குழு சலிக்கிறது. நான் வேடிக்கை பார்க்கிறேன். சல்லடையில் ஒரு கறுப்புப் பொத்தான் தங்குகிறது. 'துரையின் கோட்டுப் பொத்தான்' என்று உறையில் எழுதுகிறார் குழுத் தலைவர். சலிக்க வந்திருக்கும் தோட்டத்துப் பெண் செல்வராணி சல்லடையைக் கீழே வைக்கிறார்.

"இது தேங்காச் சிரட்டைங்க. கம்பியக் காய்ச்சி ஓட்டை போட்டிருக்காங்க. வெள்ளக்காரத் துரை பழைய கோட்டக் குடுக்குறப்ப பொத்தான வெட்டிக்கிட்டுத்தான் குடுப்பாராம். எங்க ஆளுங்க சிரட்டையக் கல்லுல தேச்சுத் தச்சுக்கிட்டாங்க."

"எழுதியாச்சேம்மா" என்கிறார் தலைவர்.

"அடிச்சிட்டு எழுதுங்க. அதுவரைக்கும் சலிக்க மாட்டேன்."

தூறல் விழுகிறது. செல்வராணி அசையவில்லை. தலைவர் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். ஓட்டைகள் கோணலாக, விளிம்பு கருகி இருக்கின்றன. 'துரையின்' என்பதை அடித்து, 'லயத்து ஆட்களின்' என்று எழுதுகிறார்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்கிறார் செல்வராணி.

தலைவர் வாசித்த பிறகுதான் சல்லடை ஆடுகிறது.