தேக்கரண்டியில் ருசித்த சிரா வைன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாத மழை விடாமல் அடித்த ஒரு சனிக்கிழமை, மூணாறில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் நடந்தது இது. தேவிகுளம் போகிற வழியில் இருக்கிறது அந்த இடம். அங்கே பேன்ட்ரியில் கிளாஸ், கோப்பைகளைத் துடைத்து அடுக்குவதும் டீ, காபி போட்டுக் கொடுப்பதும் என் வேலை. விருந்தாளிகள் உட்காரும் பக்கம் நான் அதிகம் போக மாட்டேன். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது.

அதற்கு முன்பு பதினாறு வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் டேஸ்டிங் ரூமில் இருந்தேன். கோப்பை கழுவத்தான் என்னை எடுத்தார்கள். போகப்போக தூளை நிறுத்துப் போடுவது, நேரம் பார்த்து வடிப்பது எல்லாம் என் கைக்கு வந்தது. டீயை ருசி பார்க்கும் பெரியவர், சந்தேகம் வந்தால் என்னையும் ஒரு வாய் பார்க்கச் சொல்வார். கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, தொட்டியில் துப்ப வேண்டும். அந்த அறைக்குள் தலையில் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அன்றைக்கு மாட்டிக்கொண்டேன்.

அன்று மாலை நாலு மணிக்கு பத்து விருந்தாளிகளுக்கு வைன் ருசி பார்க்கும் நிகழ்ச்சி. நடத்த வந்திருந்தது, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கஞ்சிக்கோடு பக்கத்து ஊர். படிப்பு முடித்து, வடக்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரர்களின் வைன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மேஜையில் கிளாஸ்களை வைத்துக்கொண்டிருந்த நான், நடுவில் இருந்த லில்லிப் பூச்சாடியைத் தூக்கி வெளியே வைத்தேன். பேன்ட்ரியிலிருந்து கடுகு தாளிக்கும் வாசம் வரவும் அதன் கதவையும் இழுத்துச் சாத்தினேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, அந்தப் பூவை எதுக்கு எடுத்தீங்க?"

"வாசம் கெடுத்துரும்ல மேடம்" என்றேன்.

"இது உங்களுக்கு யாருங்க சொன்னது?"

ஃபேக்டரிக் கதையை இரண்டு வரியில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தரதரவென்று பேன்ட்ரிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சமையல்காரத் தம்பி மட்டும்தான் இருந்தான். போடிக்காரன், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, என்னைய மேடம்னு கூப்பிடாதீங்க. என் மூக்கு செத்துப் போச்சுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. சமவெளியிலிருந்து மலைக்கு வந்தவள், முதல் நாள் மழையில் நனைந்து ஜலதோஷம் பிடித்துவிட்டது. வெங்காயத்தை நறுக்கி மூக்கில் வைத்துப் பார்த்தாளாம், ஒன்றும் தெரியவில்லையாம். தனியாக அவள் நடத்தும் முதல் நிகழ்ச்சி இது. ஒழுங்காக நடந்தால்தான் கம்பெனியில் வேலையை நிரந்தரம் செய்வார்கள். எங்கள் மேனேஜரும் இன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் அந்த வைனை ரிசார்ட்டில் வைப்பதா வேண்டாமா என்று சொல்வதாக இருந்தார். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்த்தாக வேண்டும். கார்க்கில் கோளாறு இருந்தால் உள்ளே இருக்கிற வைனும் கெட்டுப் போயிருக்கும்.

"நீங்க முகர்ந்து சொல்லுங்க்கா, போதும்."

எங்கள் எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியால் நாசமான வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு சொட்டு தொட்டதில்லை. அதைச் சொன்னேன். "டீ மாதிரியேதானுங்கக்கா, துப்பிரலாம்" என்றாள்.

"வீட்டுல மச்சான் கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?" என்று சமையல்காரத் தம்பி சீண்டினான்.

"துப்பிட்டேன்னு சொல்லுவேன். நீ உன் சட்டியப் பாரு" என்றேன். அவன் முன்னால் மட்டும் எனக்கு வாய் வரும்.

ஆறு பாட்டில்கள். ஆறும் ஒரே திராட்சை, சிரா என்று பெயர். ஷிராஸ் என்று எழுதியிருப்பதும் இதேதானாம். மூன்று வெவ்வேறு வருடத்து அறுவடை, வருடத்துக்கு இரண்டு பாட்டில். முதல் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றினாள். நன்றாகப் பழுத்த நாவல் பழத்தைப் பிழிந்த மாதிரி கருஞ்சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். மிளகு! எங்கள் பக்கம் கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகை விரலில் நசுக்கினால் வருமே, அதே வாசம். எங்கேயோ வடக்கே விளைந்த திராட்சைக்குள் இடுக்கி மிளகு எப்படி வந்தது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த சந்தோஷத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. பக்கத்தில் கிடந்த தேக்கரண்டியை எடுத்து, கிளாஸிலிருந்து ஒரு கரண்டி வைனை அள்ளி, ஃபேக்டரியில் செய்கிற மாதிரி 'சர்ர்ர்' என்று உறிஞ்சிவிட்டேன். சமையல்காரத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வைனைக் கரண்டியில் குடித்தவள் உலகத்திலேயே நான்தான் என்றான். எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பெண்ணோ கை தட்டினாள். "எங்க கம்பெனி சாரும் இப்படித்தானுங்க சத்தம் போட்டு உறிஞ்சுவாரு! கரண்டிதான் இல்ல!"

துப்பின பிறகும் நாக்கில் ஒரு பிடிப்பு இருந்தது. கடுந்தேநீர் குடித்தால் இருக்குமே, அந்தத் துவர்ப்பு. "நல்ல பாடி இருக்கு" என்றேன். வாயில் கனமாக நிற்கும் டீக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அது. அவர்களும் அதே வார்த்தைதான் சொல்வார்களாம்.

முதல் நாலு பாட்டிலும் நன்றாக இருந்தன. ஐந்தாவதை முகர்ந்ததும் என் கை நின்றுவிட்டது. மிளகு இல்லை, பழம் இல்லை. மழைக்காலத்தில் ஈரச் சுவரில் சாய்த்து வைத்த சாக்கின் வாசம். ஃபேக்டரியில் இதை டெயின்ட் என்போம். ஒரு பெட்டித் தூளில் இது வந்தால் அந்தப் பெட்டியையே தனியாக ஒதுக்கிவிடுவார் பெரியவர்.

நான் வாயைத் திறக்கும் நேரம் மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "இதென்னா? சேச்சி எப்போ வைன் எக்ஸ்பெர்ட் ஆச்சு?" என்று சிரித்தார். மலையாளி, என்னைச் சேச்சி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேலிதான், கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவர் முன்னால் எனக்குத் தைரியம் வரவில்லை. விலை உயர்ந்த பாட்டில். பத்தாம் வகுப்பு படித்தவள், இன்றைக்குத்தான் வைனை முதன்முதலாக முகர்ந்தவள். நான் எப்படி இது கெட்டது என்று சொல்வது? ஒருவேளை அந்த வருடத்து வைனே அப்படித்தானோ என்னவோ.

ஆறாவதையும் முகர்ந்தேன், அது அருமையாக இருந்தது. அந்தப் பெண் ஆவலாக என் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. ஆறாவது பாட்டிலும் அதே வருடத்ததுதான், அதில் அந்தச் சாக்கு வாசம் இல்லையே. தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

நாலு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. பாட்டில்களை வரிசையாக எடுத்துக் கொடுக்க அவள் என்னையே பக்கத்தில் நிற்க வைத்தாள். மூக்கு அடைத்த குரலிலும் அழகாகப் பேசினாள். மேனேஜர் தூணருகில் கை கட்டி நின்றார். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர், வைன் பற்றி எல்லாம் தெரிந்தவர் போலப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நாலு பாட்டில் முடிந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

ஐந்தாவது பாட்டில் என் கையில் இருந்தது. அவள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"குடுங்க்கா" என்றாள் மெதுவாக.

"இத ஊத்தாதம்மா."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. பத்து பேரும் திரும்பினார்கள். மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"ஏனுங்கக்கா?"

"இது கெட்டுப்போனது. ஈரச் சாக்கு வாசம் வருது. எனக்கு அப்பவே தெரியும். பயந்துக்கிட்டு சொல்லாம விட்டுட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இரண்டு நொடிதான் இருக்கும். அவளால் முகர்ந்து பார்க்க முடியாது. என் பேச்சைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. அந்த நானும் ஒரு தடவை பொய் சொன்னவள். பாட்டில் நன்றாக இருந்துவிட்டால், எல்லார் முன்னாலும் தன் கம்பெனிச் சரக்கைத் தானே கெட்டது என்று சொன்னதாக ஆகிவிடும். வேலை அவ்வளவுதான்.

அவள் விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். அந்த அளவுக்கு எனக்கும் புரியும். கார்க்கினால் கெட்டுப்போன வைன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இப்படி ஒரு சந்தர்ப்பம் லேசில் கிடைக்காது, எங்கள் அக்கா கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார், ஆறாவது பாட்டிலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள் என்றாள். இரண்டையும் அவளே ஊற்றினாள்.

கோயமுத்தூர்க்காரர் முதலில் கெட்டதை முகர்ந்து, "இதுதான் பிரமாதம்" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கிளாஸை வாங்கி ஒரு தடவைதான் முகர்ந்தார். "ஏனுங்க, உங்க மூக்குக்கு என்னாச்சு? நம்ம கார் டிக்கில நனைஞ்ச துண்டை ஒரு வாரம் மறந்து வெச்சிருந்தீங்களே, அதே நாத்தமுங்க இது!" என்றார். சிரிப்பு வெடித்தது. ஒவ்வொருவரும் கிளாஸைத் தூக்கி முகர்ந்து, "ஆமா, ஆமா" என்றார்கள். கோயமுத்தூர்க்காரரும் நல்லதை முகர்ந்துவிட்டு மறுபடி இதை முகர்ந்தார். "தோத்துட்டேன்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எல்லோரும் கேட்க, அந்தப் பெண் பேன்ட்ரியிலிருந்து கரண்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய ஹாலில் 'சர்ர்ர்' என்று உறிஞ்சிக் காட்டினேன். அவ்வளவுதான், பத்து பேரும் போட்டி போட்டு உறிஞ்சினார்கள். வெளியே பெய்த மழைச் சத்தமே கேட்கவில்லை. மேனேஜரும் ஒரு கரண்டி வாங்கி உறிஞ்சி, புரையேறி, வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாக்கிக்கொண்டார். "சேச்சி, இதுக்கு ஃபேக்டரியில் எத்ர வருஷம் படிக்கணும்?" என்று இருமிக்கொண்டே கேட்டார்.

நல்ல வைனில் எனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பச்சை மிளகு, நாவல் பழம், கடைசியில் தொண்டையோரம் கொஞ்சம் விறகுப் புகை என்றேன். ஒன்று விடாமல் அவள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். நான் சொல்வதை இத்தனை பேர் பேசாமல் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த வைனை ரிசார்ட்டில் வைக்க மேனேஜர் அன்றே சம்மதம் சொல்லிவிட்டார். அவள் வேலை நிரந்தரமானதை அடுத்த மாதம் போனில் சொன்னாள். நிகழ்ச்சி முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பும்போதே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தத் திகில் வந்திருக்காதே.

"லேட்டா சொன்னாலும் சொல்லிப் போட்டீங்கல்லங்க்கா, அது போதுமுங்க" என்றாள்.

இன்றைக்கும் சிரா பாட்டில் திறந்தால் முதலில் முகர்ந்து பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அது பெருமைதான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஒரு தடவை பொய் சொன்ன என் வாயை நம்பி, தன் பிழைப்பையே அந்தப் பெண் பணயம் வைத்த அந்த இரண்டு நொடிதான். அதற்குப் பிறகு, தெரிந்த ஒன்றைத் தெரியும் என்று சொல்ல நான் யாருக்கும் பயந்ததில்லை.