பெயரை எடுக்கச் சொன்ன கல்யாண சிடி

நான் உரித்த ஸ்டிக்கரின் முதுகில், நகப்பிறை அளவுக்கு சிடியின் வெள்ளிப் பூச்சும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சிடியில் அந்த இடம் வெறும் கண்ணாடியாகி, அதன் வழியே என் விரல் தெரிந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். திருவொற்றியூரில் அண்ணன் வீட்டு முன்னறையில், கல்யாண வீடியோ சிடிகளுக்கு அண்ணியும் நானும் ஸ்டிக்கர் செய்து ஒட்டிக்கொடுத்தோம். கணினியில் பெண் மாப்பிள்ளை படத்தையும் பெயரையும் வட்டத்துக்குள் அமைத்து, அச்செடுத்து, வெட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். பகலெல்லாம் இறால் கம்பெனியில் ஓடு உரித்து, ஐஸில் வெளுத்துப்போன விரல்களோடு வந்து அண்ணி உட்காருவார். நானும் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருப்பேன். பேசக்கூடத் தோன்றாது.

ஒரு மாலை, மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முந்தைய ஆண்டு அவள் கல்யாண சிடிக்கு ஸ்டிக்கர் ஒட்டியது நாங்கள்தான். புருஷனோடு ஒத்துவராமல் தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

"அந்தாளு பேரும் மூஞ்சியும் இதுல வோணாங்க்கா. செத்துப்போன எங்க நைனா இதுலதான் நடமாடிகினு கீறாரு. அவர மட்டும் பாத்தா போதும்."

வேறு பிரதி இல்லை. வீடியோக்காரர் அவள் கல்யாணத்தை எடுத்த டேப்பிலேயே வேறு கல்யாணம் எடுத்துவிட்டாராம்.

அவள் போனதும் அண்ணி சொன்னார்: "மொதல்ல வேற சிடில ஒரு காப்பி எடுத்துக்கலாம். அதுவரைக்கும் கை வைக்காத." சொல்லிவிட்டு டீ போடப் போனார். சீக்கிரம் முடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. படத்தின் கடைசிப் பகுதி பதிந்திருக்கும் வெளி ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் முன்னால் சிடியைப் போட்டோம். தாலி கட்டியது, பந்தி, எல்லாம் ஓடியது. கடைசியில், கார் கதவருகே அவள் அப்பா அவள் தலையை நோக்கிக் கையைத் தூக்கினார். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

"அப்பறம்?" என்றாள்.

"நான்தாம்மா பிச்சேன்," என்றார் அண்ணி. "காப்பி எடுக்காம கை வச்சிட்டேன்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அவள் சிடியை வாங்கி உறையில் போட்டுக்கொண்டாள். "அவரு கை எந்தலைல பட்டுச்சுக்கா. எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

போன வருஷம்தான் அண்ணியிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் பழியை ஏற்றுக்கொண்டார் என்று.

"கம்பெனில தெனம் திட்டு வாங்கிகினு இருந்தவ நானு. அதோட இதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன். ஆனா அந்தப் பொண்ணு திட்டவே இல்லியே."