துணியில் இல்லாத கறை

முதல் கறுப்பு இழை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

அந்த ஏற்றுமதி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எட்டு மேசைகள். ஒவ்வொன்றும் சாய்த்து நிறுத்திய பால்கண்ணாடி, பின்னால் குழல்விளக்குகள். அந்த வெளிச்சத்தின் மேல் வெள்ளைத் துணி மேலிருந்து கீழே ஓடும். எதிரே நிற்பவர் ஓட்டையோ எண்ணெய்க்கறையோ கண்டால் பெடலை மிதித்துத் துணியை நிறுத்தி, ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது மேசைக்காரி நிறுத்தமாட்டாள். ஓடுகிற துணியிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். ஆலையில் அவளுக்குப் பெயர் கழுகு. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுதும் வெளியே போனதில்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு ஸ்டிக்கர் ஒட்டினாள். புதன்கிழமை முப்பது. வியாழக்கிழமை கை ஓயவில்லை. மயிரிழை போல ஒன்று, பக்கத்தில் மிளகு தூவியதுபோல் புள்ளிகள். நெசவுப் பிரிவில் எண்ணெய் சிந்துகிறது என்று எழுதிக் கொடுத்தாள். பதினொரு ரோல்கள் சலவைக்குத் திரும்பின.

மறுநாள் காலை அத்தனையும் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தன. சலவைக்காரர் ஒரு ரோலைத் தரையில் உருட்டி விரித்தார். ஓரம் முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையாக. நடுவில் துணி பால் போல வெள்ளையாகக் கிடந்தது.

யாரோ துடைத்துவிட்டார்கள் என்றாள் கழுகு. தான் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றாள்.

"நீ எங்கடி சாப்பிடப் போற?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "நின்னுக்கிட்டே நாலு டீ, ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட். உன்னைத் தாண்டி எந்தப் பேய் வந்து துடைச்சுதாம்?"

சிலர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று, துணியை ஓடவிட்டு, "கறை வந்ததும் நிறுத்துங்கக்கா. நானும் பாக்கிறேன்" என்றார்.

வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அவள் கால் பெடலை மிதித்தது.

துணி நின்றது. இழை நிற்கவில்லை.

நின்றுபோன வெள்ளையின் மேல் அது மெல்ல இறங்கியது. நீருக்குள் விட்ட மைபோல் சுருண்டது. அவள் பார்வையைச் சுவருக்குத் திருப்பினாள். சற்றுப் பிந்தி அதுவும் சுவருக்கு வந்து சேர்ந்தது.

"எங்கக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. ஓட்டுங்க."

அன்று மாலை வீட்டில் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். சுவரில் இழை. வலது கண்ணைப் பொத்தினாள். சுவர் சுத்தம். சரி, ஒரு கண்ணில்தான் தூசு, இன்னொன்று நன்றாக இருக்கிறது, அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். போன மாதம்தான் கண்ணாடிக் கடையில் கடைசி வரி எழுத்துவரை படித்திருந்தாள். வெளியே சொன்னால் மேசை போய்விடும். மேசை போனால், கழுகு என்று யார் கூப்பிடப்போகிறார்கள்?

அவள் எதையோ விரட்டக் கையை வீசுவதைப் பார்த்த கணவர், "உனக்கு மட்டும் தெரியுற கொசுவா?" என்று கேலி செய்தார். நான்காம் நாள் காலை அவர் கேலி செய்யவில்லை. வலது கண்ணில் மேலிருந்து செம்பழுப்பாய் ஒரு திரை இறங்கி, அவர் முகத்தின் பாதியை மூடிவிட்டது என்று அவளே சொன்னாள். அவளுடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை எத்தனை வருடம்? பதினாலு. கட்டுக்குள் இருக்கிறதா? கழுகு பெருமையோடு ஃபைலை நீட்டினாள். வெறும் வயிற்று அளவுகள் எல்லாமே அழகாக இருந்தன.

"டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் இவ சாமியார் மாதிரி இருப்பா டாக்டர்" என்று கணவர் போட்டு உடைத்தார். "அரை வயித்துச் சாப்பாடு, தெருவை ஆறு சுத்து. ரிசல்ட் வந்த அன்னைக்கே பழையபடி டீ."

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஏமாறவில்லை. ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்றை நெருங்கியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையைத் தலைவலித்த நாளில் மட்டும் போடுவாள் என்பதும் வெளியே வந்தது. கொழுப்பும் எகிறியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து கண்ணின் உள்திரையில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களை வருடக்கணக்கில் அரித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்து கசிந்த ரத்தம்தான் அந்த இழை என்றார் டாக்டரம்மா. எழுத்துப் படிப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வருடம் ஒருமுறை மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்திருக்க வேண்டும். பதினாலு வருடத்தில் ஒருமுறைகூட அவள் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு கணினித் திரையில் ஒரு படம் வந்தது. ஆரஞ்சு நிற வட்டம், அதன் மேல் கிளைவிட்ட சிவப்புக் குழாய்கள். கழுகு தன்னையறியாமல் ஒற்றைக் கண்ணோடு குனிந்து விரலை வைத்தாள்.

"இங்க ஒரு புள்ளி. இங்க ரெண்டு. இது மஞ்சள் கறை. இந்த மூலையில இழை சிக்கியிருக்கு." எண்ணிக்கொண்டே போனாள். பதினேழில் நிறுத்தினாள். "இந்த ரோல் தேறாது டாக்டர். இதுதான் ரத்தம் வந்த கண்ணா?"

"இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் மறைக்கிற கண்ணைப் படம் எடுக்க முடியல. இது நீங்க நல்லாருக்குன்னு சொன்ன கண்ணு."

அவள் விரல் திரையிலேயே இருந்தது. மூன்று நாளாக எந்தக் கண்ணை நம்பி நின்றாளோ, அந்தக் கண்ணாலேயே அதன் பழுதை எண்ணியிருக்கிறாள்.

இடது கண்ணுக்கு லேசர், வலது கண்ணுக்கு ஊசி. போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். டீயில் சர்க்கரை நின்றது. மதியம் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாத்திரை தலைவலிக்குக் காத்திருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் வலது கண்ணின் திரை விலகி, மங்கலான ஓரம் மட்டும் மிஞ்சியிருந்தது. சூப்பர்வைசர் ஒரு ரோல் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் கண்டெடுக்கும் பழுதை வைத்துத்தான் மூன்றாவது மேசை யாருக்கு என்று முடிவாகும். பக்கத்து மேசைக்காரி தன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

நாற்பது மீட்டர் ஓடியது. ஒன்றுமில்லை. அடுத்த மீட்டரில், வெள்ளையில், ஒரு கறுப்புப் புள்ளி.

கை ஸ்டிக்கருக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டு பெடலை மிதித்தாள். துணி நின்றது. குனிந்து பார்த்தாள்.

புள்ளியும் நின்றது.

"எண்ணெய்க்கறை, தம்பி" என்று சொல்லி ஸ்டிக்கரை ஒட்டினாள். சூப்பர்வைசர் விரலால் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

இப்போது கூடத்திலேயே அதிகமாக நிற்பது மூன்றாவது மேசைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் நிறுத்துகிறாள். அது நிற்கிறதா, நகர்கிறதா என்று பார்க்கிறாள். அந்த நேரத்தில் பக்கத்து மேசைக்காரி பேச்சுக் கொடுப்பதில்லை.